பிள்ளைகளின் உடற்பருமன்: பெற்றோர் கடமையும் பள்ளியின் பங்கும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. கல்வி என்னும் சித்திரத்தைத் தாங்கும் சுவர் நம் உடலே ஆகும். தோட்டப்புறங்களில் அரைவயிறு உண்டு வளர்ந்த பெற்றோர் பலர், தம் பிள்ளைகளாவது பசியறியாது வளர வேண்டும் என்று விரும்பினர். அவ்விருப்பம் போற்றுதற்குரியது. ஆயினும், இன்று நம் பிள்ளைகளுள் பலரை வாட்டுவது உணவுக் குறைவு அன்று, உணவு மிகுதியே.

2019ஆம் ஆண்டில் மலேசியாவில் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார, நோய் ஆய்வின்படி, 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள்.

உடற்பருமன் எவ்வாறு உண்டாகிறது? உணவு தரும் ஆற்றலில் உடல் செலவிட்டது போக எஞ்சியது கொழுப்பாகச் சேர்கிறது. அது அளவு கடந்து உடல்நலத்தைக் கெடுக்கும் நிலையே உடற்பருமன். மரபுக்கும் இதில் பங்குண்டு. கண்ணால் பார்த்து இதனை முடிவு செய்தல் கூடாது. எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பவற்றைக் கொண்டே மருத்துவர் கணிப்பர்.

"கொழுகொழுவென்று இருப்பதே அழகு; வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சிலர் கூறுவர். இக்கூற்றை நம்பியிருத்தல் ஆகாது. பருத்த பிள்ளைகளுள் பலர் பெரியவர்களான பின்னும் பருத்தே இருக்கின்றனர். இனிப்புநீர், இரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்பு சேர்தல் ஆகியவை அவர்களை எளிதில் பற்றுகின்றன. மேற்கூறிய ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களுள் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. எனவே, நம் சமுதாயம் இதில் இருமடங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கவை யாவை? முதலில் பானங்களைக் கவனித்தல் வேண்டும். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனியே. இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றிய ஒரு குவளைத் தேநீரில் நான்கு தேக்கரண்டிச் சீனி அடங்கியிருக்கும். தாகத்திற்குத் தண்ணீரே சிறந்தது. அழும் பிள்ளைக்கு இனிப்பைக் கையூட்டாகக் கொடுக்கும் பழக்கத்தையும் விடுதல் நலம். பொரித்த தின்பண்டங்களுக்குப் பதிலாக அவித்த கடலை, பப்பாளி, கொய்யா முதலியவற்றைத் தரலாம். தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றின் முன் அமர்ந்து உண்பதைத் தவிர்த்தல் வேண்டும். வளரும் பிள்ளையைப் பட்டினி போடுதல் பெருந்தவறு. பல பிள்ளைகளுக்கு எடை மேலும் கூடாமல் உயரம் வளர்ந்தாலே போதுமானது.

பள்ளியின் பங்கும் சிறிதன்று. சிற்றுண்டிச்சாலையில் காய்கறியும் பழமும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். உடற்கல்வி நேரத்தை வேறு பாடங்களுக்குக் கொடுத்துவிடலாகாது. பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. திடலில் கபடியும் பந்தும் விளையாடும் பிள்ளைக்கு அந்நேரம் கழிவதே தெரியாது.

இவ்விடத்தில் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் அனுபவம் நமக்கு நல்லதொரு பாடமாகும். அங்குள்ள பள்ளிகளில் 1992ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பருத்த மாணவர்களுக்குத் தனியாகக் கூடுதல் உடற்பயிற்சி அளிக்கப்பட்டது. பருமன் விகிதம் குறைந்தது உண்மைதான். ஆனால், அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள மூன்று முதலெழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'பருத்தவர்' என்று பொருள்படும்! பிரித்து வைக்கப்பட்ட பிள்ளைகள் கேலிக்கு ஆளாயினர். 2007இல் அத்திட்டம் முடிவுற்று, மாணவர் அனைவருக்கும் பொதுவான உடல்நலத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வீட்டில் என்ன சமைப்பது, கடையில் என்ன வாங்குவது என்பவற்றை முடிவு செய்வோர் பெரியவர்களே. அவ்வாறிருக்க, பழியைப் பிள்ளையின்மேல் சுமத்துதல் முறையன்று. ஒரு பிள்ளைக்கு மட்டும் தண்ணீர், மற்றவர்க்கெல்லாம் இனிப்புப் பானம் என்றால் அது தண்டனையாகிவிடும். குடும்பம் முழுவதும் மாறினால் அதுவே பழக்கமாகும்.

மாணவச் செல்வங்களே! உடன் பயிலும் நண்பனை 'குண்டன்' என்று அழைக்காதீர்கள். அவனையும் திடலுக்கு அழைத்துச் சென்று உங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடும் பள்ளியும் கைகோத்தால் நம் பிள்ளைகள் உடல் வலிமையும் உள்ள மகிழ்ச்சியும் பெற்றுத் திகழ்வர் என்பது திண்ணம்.