எவ்வூர் விதை நிலைக்கும்?

சித்திரைப் புத்தாண்டன்று வேப்பம்பூப் பச்சடி உண்பது தமிழர் வழக்கம். குடீ பாடவா நாளில் வேப்பந்தளிரைச் சுவைப்பது மராட்டியர் வழக்கம். மராத்தியில் வேம்பின் பெயர் ‘கடுநிம்ப்’.

புனேவுக்குக் கிழக்கேயுள்ள பாராமதி, இந்தாப்பூர் வட்டாரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தவை. மழை குறைந்த அந்நிலங்களிலும் வேம்பு வளர்கிறது. ஆயினும், எல்லா ஊர் வேம்பும் ஒன்றுபோல் வளர்வதில்லை. பல தலைமுறைகளாக ஓரிடத்தில் நிலைத்த மரங்கள் அவ்விடத்து மழைக்கும் மண்ணுக்கும் ஏற்பத் தகவமைந்தவை. அப்பண்புகள் விதைவழியே அடுத்த தலைமுறைக்கும் செல்கின்றன.

இவ்வேறுபாட்டை ஆராய 1993ஆம் ஆண்டில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் பன்னாட்டு வேம்பு வலையமைப்பு தோன்றியது. தமிழ்நாட்டின் அன்னூர், மகாராட்டிரத்தின் பல்லார்ஷா, இராசத்தானின் மண்டோர், இலங்கையின் குளியாப்பிட்டி முதலிய இடங்களின் விதைகள் திரட்டப்பட்டுப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. வேப்பவிதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். ஆதலின் இப்பணி விரைந்து நடைபெற வேண்டியிருந்தது.

இத்தகைய ஒப்பீட்டில், பல ஊர்க் கன்றுகளும் ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில், ஒரே இடைவெளியில் நடப்படும். நிலத்தின் ஒரு மூலை மட்டும் வளமாக இருக்கக்கூடும். அதனால், நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எல்லா ஊர்க் கன்றுகளையும் குலுக்கல் முறையில் நடுவர். பின்னர் உயரம், தண்டின் பருமன், பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பல ஆண்டுகள் பதிவுசெய்வர்.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது பழமொழி. வறண்ட நிலத்து மரத்துக்கு இது முழுதும் பொருந்தாது. முதலாண்டில் விரைந்து உயர்ந்த கன்று கடும் வறட்சியில் பட்டுப்போகலாம். மெல்ல வளர்ந்து வேரை ஆழ ஊன்றிய கன்று நிலைக்கலாம். பொருந்தாத விதையை நட்ட உழவர் அதனை உணரப் பல ஆண்டுகள் ஆகும். அவ்வாண்டுகள் அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே, ‘எம்மரம் நல்லது?’ என்று கேட்பவர் ‘எவ்வூர் விதை, எந்நிலத்துக்கு?’ என்றும் கேட்டல் வேண்டும்.

சொற்பொருள்
மழைமறைவு – மலை தடுப்பதால் மழை குறைந்த பகுதி
தகவமைதல் – சூழலுக்கு ஏற்ப அமைதல்
பட்டுப்போதல் – காய்ந்து அழிதல்

பயிற்சி
1. வேப்பவிதைகளை விரைந்து அனுப்ப வேண்டியதன் காரணம் யாது?
2. கன்றுகளைக் குலுக்கல் முறையில் நடுவது ஏன்?
3. ஓர் ஊரின் 10 கன்றுகளில் 4 பிழைத்து 3 மீட்டர் உயர்ந்தன. மற்றோர் ஊரின் 10 கன்றுகளில் 9 பிழைத்து 2 மீட்டர் உயர்ந்தன எனக் கொள்க. வறண்ட நிலத்து உழவருக்கு எதனைப் பரிந்துரைப்பீர்? காரணம் தருக.
4. பிரித்து எழுதுக: எவ்வூர், அந்நிலம், அவ்வாண்டு.