மைக் வால்யூம் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: என் யுஎஸ்பி ஹெட்செட்டின் மைக் வால்யூமை 90-இல் வைக்கிறேன். மறுநாள் பார்த்தால் 40-இல் நிற்கிறது. விண்டோஸ் 11 தான். ஹெட்செட் பழுதா?

பதில்: பெரும்பாலும் ஹெட்செட் மீது குற்றம் இருக்காது. முதல் சந்தேகம் ஜூம் போன்ற மீட்டிங் செயலிகள்மீதுதான். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் வழியாகப் போய் உங்கள் மைக்கின் வால்யூம் பட்டியைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஜூமைத் திறந்து, ஆடியோ சோதனையில் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள். யாரும் தொடாமலே பட்டி கீழே நகர்ந்தால், ஆள் அகப்பட்டுவிட்டார். ஜூமின் ஆடியோ அமைப்பில் மைக் வால்யூமைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருக்கிறது, அதை நிறுத்திவிடுங்கள். பிரவுசர் வழியாகப் பேசும் மீட்டிங்குகளும் இதே வேலையைச் செய்வதுண்டு.

பட்டி அசையவில்லையா? ஹெட்செட்டை தினமும் வேறு வேறு போர்ட்டில் செருகுகிறீர்களா என்று பாருங்கள். மலிவான ஹெட்செட்டுகள் பலவற்றில் சீரியல் எண் இருக்காது. அப்படிப்பட்டவற்றை விண்டோஸ் போர்ட்டை வைத்தே அடையாளம் காணும். போர்ட் மாறினால் அதன் கணக்கில் அது புது ஹெட்செட். வால்யூமும் புதிதாகத்தான் தொடங்கும். ஒரே போர்ட்டில் செருகுங்கள், ஹப் இருந்தால் அதிலும் அப்படியே.

அப்படியும் சரியாகவில்லை என்றால், அதே சவுண்ட் பக்கத்தில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' உள்ளே ரெக்கார்டிங், மைக், அட்வான்ஸ்டு என்று போனால், மைக்கை ஒரே செயலியின் முழுக் கட்டுப்பாட்டில் விட அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கும். அதை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதனால் பலன் இருக்கும் என்று நான் பெரிதாக நம்புவதில்லை. டிரைவரை அழித்து மறுபடி போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.