சித்திரப் பாடம்: நம்ம கைக்கு வரும் கோடு



சித்திரம் படிக்க வரும் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "மாஸ்டர் வரைஞ்ச மாதிரி எனக்கு வரமாட்டேங்குதே!" அப்படி வராதது குறையே இல்லை. ஆளுக்கு ஆள் கையெழுத்து வேறாக இருப்பது போலக் கோடும் வேறாகத்தான் இருக்கும். அந்த வேறுபாடு வளர்ந்தால் அதற்குப் பெயர் பாணி.

அப்படியானால் பார்த்து வரைவது தப்பா? தப்பில்லை. ஒல்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோ 1880ஆம் ஆண்டு, தமது 27ஆவது வயதில்தான் ஓவியராவது என்று முடிவு செய்தார். பிரான்ஸ் ஓவியர் மில்லே வரைந்த உழவர் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கை பழகினார். பிறகு உழைக்கும் ஜனங்களின் முகத்தையும் கையையும் நேரில் பார்த்து நிறைய வரைந்தார். 1885இல் 'உருளைக்கிழங்கு உண்போர்' என்ற படத்தைத் தீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் ஓர் ஏழைக் குடும்பம் சாப்பிடும் படம் அது. மண்ணைக் கிண்டிய கைதான் தட்டிலும் நீளுகிறது என்று காட்டுவதற்காக அந்தக் கைகளை முரடாகவே வரைந்தார். அழகுபடுத்தவில்லை. 1889இல் மறுபடியும் மில்லேயின் படங்களைப் பார்த்து வரைந்தார். அவர் முன்னால் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பிரதிகள். வர்ணத்தை அவரே தீர்மானித்தார். பார்த்து வரைந்தும் அவை வான்கோ படங்களாகவே இருக்கின்றன.

இனி நம்ம கதைக்கு வருவோம். கொழுந்து எடுக்கும் பெண்ணை வரையச் சொன்னால் பலர் கலண்டரில் உள்ள சிரித்த முகத்தையே வரைகிறார்கள். கூடைக் கயிறு தலையில் அழுத்துவதும், மழையில் படங்கு நனைந்து தொங்குவதும், கறை பிடித்த விரலும் அந்தக் கலண்டர்காரருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் வரையாவிட்டால் வேறு யார் வரைவது?

வீட்டில் செய்து பாருங்கள்:

1. கூடையோ தேத்தண்ணிக் கோப்பையோ, ஒரே பொருளை 7 நாள் வரையுங்கள். தினம் 10 நிமிஷம் போதும். அழிறப்பர் வேண்டாம். திகதி போடுங்கள்.

2. ஏழு படத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். தடித்த கோடா, மெல்லிய கோடா? பெரிதாகவா, சிறிதாகவா? எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் உங்களுடையது. அதை விட்டுவிடாதீர்கள்.

3. நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றை மட்டும் வைத்துக் கலந்து பாருங்கள். மஞ்சள் கூடினால் இளங்கொழுந்துப் பச்சை. நீலம் கூட்டி, துளி சிவப்பும் சேர்த்தால் முத்தின இலைப் பச்சை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அம்மா வரைந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். பென்சிலை வாங்கித் திருத்தவும் வேண்டாம். திருத்திய இடத்தில் உங்கள் கோடு இருக்கும், அம்மாவின் கோடு போய்விடும்.

அடுத்த வகுப்புக்கு ஏழு படத்தையும் கொண்டு வாருங்கள். நன்றாக வராததையும் சேர்த்தே கொண்டு வாருங்கள்.