துருக்கிப் பணியிடமும் அயல்நாட்டு மேலாளரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இஸ்தான்புல்லிலோ அங்காராவிலோ பொறுப்பேற்கச் செல்லும் அயல்நாட்டு மேலாளருக்குப் புறப்படும் முன்பே இருவகை அறிவுரைகள் கிடைத்துவிடுகின்றன. துருக்கி ஐரோப்பாவைப் போன்றதே, ஆகையால் பழக்கவழக்கம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது ஒன்று. அது கீழைத்தேயச் சமூகம், அதட்டினால்தான் அங்கே வேலை நடக்கும் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. நெருங்கிய மனித உறவுகளும், எழுத்தில் இருப்பதை மட்டுமே ஏற்கும் கறாரான சட்டமும் துருக்கிப் பணியிடத்தை ஒருசேர இயக்குகின்றன; இவற்றுள் ஒன்றைக் கண்டு மற்றதைக் காணத் தவறும் மேலாளரே அங்கு இடறுகிறார். சென்னையின் டாஃபே போன்ற இந்திய நிறுவனங்களும் துருக்கியில் தொழில் நிறுவியிருப்பதால் இது தமிழ் வாசகர்களுக்குத் தொலைவான செய்தியும் அன்று.

துருக்கிய ஊழியர்கள் கட்டளைக்குப் பணிபவர்கள், மாற்றுக் கருத்து சொல்லாதவர்கள் என்பது மிகப் பரவலான நம்பிக்கை. இதற்குச் சான்றாக டச்சு அறிஞர் கெர்ட் ஹாஃப்ஸ்டீடின் 'அதிகாரத் தொலைவு' என்னும் அளவீடு காட்டப்படுவதுண்டு. அதிகாரம் சமமின்றிப் பகிரப்பட்டிருப்பதைக் கீழ்நிலையில் உள்ளோர் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்கின்றனர் என்பதைக் குறிக்கும் இந்த அளவீட்டில் துருக்கி பெற்றது 66. இந்தியா பெற்றது 77. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டப்பட்ட விடைகளிலிருந்து பிறந்த இந்த எண், மேலதிகாரிக்கு மதிப்புண்டு என்பதைச் சொல்கிறதே ஒழிய, அம்மதிப்புக்கு ஈடாக அவரிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்பதைச் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் முதன்மையானவர் கோச் பல்கலைக்கழக உளவியலாளர் ஸெய்னெப் அய்ஜான். அவர் ஆராய்ந்த 'தந்தைமைத் தலைமை' என்பது, மேலதிகாரி குடும்பத் தலைவரைப் போல ஊழியரின் பணியிலும் தனிவாழ்விலும் அக்கறை காட்டுவதும், ஊழியர் அதற்கு ஈடாகப் பற்றும் மரியாதையும் செலுத்துவதுமான உறவு. ஊழியரின் நலனையே நாடும் தந்தைமை வேறு, பணிவைப் பெறுவதற்காக மட்டும் அக்கறை காட்டும் சுரண்டல் தந்தைமை வேறு என்று அவர் பிரித்துக் காட்டியது, அயல்நாட்டு மேலாளர் முதலில் கற்க வேண்டிய பாடம். அதட்டும் மேலாளர் இந்த உடன்படிக்கையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியைத் தர மறுப்பவர். ஊழியரின் தாய் மருத்துவமனையில் இருப்பதை அறிந்தும் நலம் விசாரிக்காத மேலாளரும் அப்படியே.

மாற்றுக் கருத்து அங்கே இல்லாமல் இல்லை. அது வெளிப்படும் இடம்தான் வேறு. பலர் கூடியிருக்கும் கூட்டத்தில் மேலதிகாரியை மறுத்துப் பேசுவது அவருடைய மதிப்பைக் குலைப்பதாகக் கருதப்படுவதால், அங்கு நிலவும் அமைதியைச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது. கூட்டம் முடிந்தபின், அலுவலகத் தேநீர்ப் பணியாளர் இடை சிறுத்த சிறு கண்ணாடிக் குவளைகளைத் தட்டில் ஏந்தி அறை அறையாக வரும் வேளையில், சாசரின் ஓரத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டிகளோடு வந்த அந்தச் சிவந்த தேநீரைப் பருகியபடியே, திட்டத்தில் உள்ள ஓட்டை என்ன என்பதை அதே ஊழியர் மேலாளரின் அறையில் அமர்ந்து தெளிவாக எடுத்துரைப்பார். தேநீரை நேர விரயம் என்று கருதிக் கதவைச் சாத்திக்கொள்பவருக்கு அந்த ஓட்டை கடைசிவரை தெரியாமலே போகும்.

விளிக்கும் முறையிலும் இதே நுட்பம் உண்டு. 'என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்' என்று முதல் நாளிலேயே அறிவிப்பது சமத்துவம் என்று அயல்நாட்டவர் எண்ணுகின்றனர். ஊழியருக்கோ அது சங்கடம். ஆணாயின் முதற்பெயரை அடுத்துப் 'பெய்' என்பதும் பெண்ணாயின் 'ஹனிம்' என்பதும் சேர்த்து, 'நீங்கள்' என்னும் மரியாதைப் பன்மையில் பேசுவதே அங்கு வழக்கம். பட்டங்களை ஒழித்த 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னும் இவை மரியாதைச் சொற்களாக நிலைத்துவிட்டன. உடன் பணிபுரிவோர் வயதில் மூத்தவரை அண்ணன், அக்கா என்ற முறையில் அழைப்பதைத் தமிழர் எளிதில் புரிந்துகொள்வர்.

துருக்கியரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால் அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். 1924-இல் அவ்வாறு இருந்தது உண்மை. 1935-இல் நிறைவேறிய சட்டம் வார ஓய்வை ஞாயிற்றுக்கு மாற்றியது. தொழுகைக்குச் செல்ல விரும்புவோர் வெள்ளி நண்பகலில் சென்று திரும்புவர். செல்லாதோரும் அதே அலுவலகத்தில் பலர் இருப்பர். யார் எந்த வகை என்று கேட்பது மேலாளரின் வேலை அன்று. அவர் கணக்கில் கொள்ள வேண்டியவை பெருநாள்கள். ரமலான் பெருநாளுக்கு மூன்றரை நாளும் தியாகப் பெருநாளுக்கு நான்கரை நாளும் சட்டப்படி விடுமுறை. பிறை நாட்காட்டியைப் பின்பற்றுவதால் இவை ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கின்றன. நவம்பர் 10 விடுமுறை நாள் அன்று. ஆயினும் குடியரசை நிறுவிய முஸ்தஃபா கெமால் அத்தாத்துர்க் 1938-இல் மறைந்த நேரமாகிய காலை 9.05-க்குச் சங்கொலி எழும்போது அலுவலகங்களில் ஊழியர்கள் எழுந்து நிற்பர். அந்த நேரத்தில் காணொலிக் கூட்டம் வைக்கும் தலைமையகம், அறியாமலே பெரும் மனவருத்தத்தை விளைவிக்கிறது.

உறவுகளால் இயங்கும் நாட்டில் காகிதத்துக்கு மதிப்பில்லை என்பதே எல்லா நம்பிக்கைகளிலும் விலையுயர்ந்த தவறு. நிறுவனத்தின் சார்பில் யார், எந்த வரம்புக்குள் கையொப்பமிடலாம் என்பதை நோட்டரி முன் பதிவு செய்த கையொப்ப ஆவணம் ஒன்று உண்டு. அதில் பெயர் இடம்பெறாத மேலாளர், பதவி எவ்வளவு உயர்ந்ததாயினும், நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் பொதுவாகக் கையொப்பமிட இயலாது. துருக்கிய நிறுவனங்கள் தமக்குள் செய்யும் ஒப்பந்தங்களும் கணக்கேடுகளும் துருக்கி மொழியில் இருக்க வேண்டும் என்னும் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

பணிநீக்கத்தில் இந்தக் கறார்த்தன்மை உச்சத்தை அடைகிறது. 2003-இல் இயற்றப்பட்ட 4857-ஆம் எண் தொழிலாளர் சட்டத்தின்படி, 30 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 6 மாதம் பணி முடித்து, கால வரையறையற்ற ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது. காரணம் அவருடைய நடத்தையோ செயல்திறனோ ஆயின், நீக்குமுன் அவருடைய விளக்கத்தைக் கேட்டுப் பெற முயன்றிருக்க வேண்டும். நீக்கும் ஆணையும் காரணமும் எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 'நாளை முதல் வர வேண்டாம்' என்று வாய்மொழியாகச் சொன்ன மேலாளர் வழக்குத் தொடங்கும் முன்பே தோற்றவர். பணிக்காலத்துக்கு ஏற்ப இரண்டு முதல் எட்டு வாரம்வரை முன்னறிவிப்பு, ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டொன்றுக்கு 30 நாள் மொத்த ஊதியம் என்ற கணக்கில், சட்டம் வகுத்த உச்சவரம்புக்கு உட்பட்ட பணிக்கொடை ஆகியவை தனி. தாமாக விலகுவோருக்குப் பொதுவாக இப்பணிக்கொடை இல்லை என்றாலும், திருமணமாகி ஓராண்டுக்குள் விலகும் பெண்ணுக்கும் கட்டாய இராணுவச் சேவைக்குச் செல்லும் ஆணுக்கும் அது உண்டு. 2018 முதல் இத்தகைய பூசல்கள் நீதிமன்றத்துக்கு முன் சமரசரிடம் செல்ல வேண்டும். அங்கும் முதலில் கேட்கப்படுவது எழுத்துமூல ஆவணமே.

பெண்கள் தலைமைப் பதவிக்கு வருவதில்லை என்ற நம்பிக்கையைச் சுருக்கமாகவே மறுக்கலாம்: சபான்ஜி குழுமத்தின் தலைமையைக் குலெர் சபான்ஜி 2004-இல் ஏற்றார், பெருந்தொழிலதிபர் சங்கமான துசியாத் 2007-இல் முதன்முறையாகப் பெண் ஒருவரைத் தலைவராக்கியது. ஆயினும் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவே வேலைச் சந்தையில் உள்ளனர் என்பதையும், அது வேதனைக்குரியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஊதிய உயர்வை ஆண்டின் நடுவில் கேட்பவர் நிறுவனப் பற்று இல்லாதவர் என்னும் முடிவு, நிலையான நாணயம் புழங்கும் நாடுகளிலிருந்து வரும் மேலாளரின் அவசரம். 2022 அக்டோபரில் துருக்கியின் ஆண்டுப் பணவீக்கம் அரசுக் கணக்கிலேயே 85 விழுக்காட்டைத் தாண்டியது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரசே குறைந்தபட்ச ஊதியத்தை ஜூலையில் மீண்டும் உயர்த்தியது. இதனோடு வருமான வரியின் இயல்பும் சேர்கிறது. 15 முதல் 40 விழுக்காடு வரையிலான வரிப்படிகள் ஜனவரி முதல் திரண்டுவரும் வருமானத்தின்மீது கணக்கிடப்படுவதால், மொத்த ஊதியம் மாறாதிருந்தாலும் கைக்கு வரும் தொகை ஆண்டின் பிற்பகுதியில் குறைகிறது. ஒப்பந்தம் மொத்தத் தொகையில் எழுதப்பட்டால் இந்தக் குறைவு ஊழியரைச் சேரும். கைக்கு வரும் தொகையில் எழுதப்பட்டால் நிறுவனத்தைச் சேரும். நேர்காணலில் விண்ணப்பதாரர் இந்த இரண்டில் எது என்று கேட்பது இதனால்தான். மேலாளர் அதற்குரிய விடையை நேர்காணலுக்கு முன்பே கணக்குப் பிரிவில் கேட்டு வைத்திருக்க வேண்டும்.