ஏரோசால் – சொல்லும் பொருளும்

கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் டப்பாவிலும், வாசனைத் திரவியம் தெளிக்கும் டப்பாவிலும் ‘ஏரோசால்’ என்ற சொல் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இதனால் ஏரோசால் என்பது அந்த டப்பாவின் பெயர் என்று சிலரும், அதனுள் அடைபட்ட வாயுவின் பெயர் என்று சிலரும் கருதி வருகின்றனர். இரண்டும் பொருந்தா.

நீரில் நுண்துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவையை வேதியியலார் ஹைட்ரோசால் என்பர். நீருக்குப் பதிலாகக் காற்று இருப்பின் அது ஏரோசால் ஆகும். முதல் உலகப் போர்க் காலத்தில் இச்சொல்லை வழங்கத் தொடங்கியவர் டானன் என்பர். இவர் கொழும்பிலே பிறந்த வேதியியல் அறிஞர் என்பது நமக்குச் சுவையான செய்தி. 1920-இல் ஷ்மவுஸ் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர் இதனை வானிலை நூலில் புகுத்தினார்.

துகள் மட்டும் ஏரோசால் அன்று. துகளும் அதனைத் தாங்கி நிற்கும் காற்றும் சேர்ந்ததே ஏரோசால். துகள் திண்மமாகவும் இருக்கலாம், திரவமாகவும் இருக்கலாம். ஊதுவத்திப் புகையும் மார்கழி மூடுபனியும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. நீலசந்திராவின் சந்துகளில் கொசுவை ஒழிக்க மாநகராட்சியார் அடிக்கும் ‘புகை’ இருக்கிறதே, அது பெரும்பாலும் புகையே அன்று. மருந்து கலந்த எண்ணெயின் நுண்துளிப் படலம்.

டப்பாவுக்கு இப்பெயர் வந்தது இரண்டாம் உலகப் போரின்போது. அமெரிக்கப் படைவீரர்களைக் கொசுக்கடியிலிருந்து காக்க, அழுத்திய வாயுவால் மருந்தை நுண்துளிகளாக வெளித்தள்ளும் குப்பி செய்யப்பட்டது. வெளிவரும் தூவல் ஏரோசால். நாளடைவில் குப்பிக்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது. தள்ளும் வாயுவாகப் பின்னர்ப் பல்லாண்டுகள் பயன்பட்டவை குளோரோபுளோரோகார்பன்கள். அவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எடுத்துக்காட்டினர். அன்று முதல் ‘ஏரோசால் ஓசோனை அழித்தது’ என்று பேசுகிறோம். அழித்தது வாயு, பழியோ ஏரோசாலுக்கு!

இவ்விரண்டு பொருளையும் தம் ஆராய்ச்சியில் தொட்டவர் ஒரு தமிழர். வீரபத்திரன் ராமநாதன் சென்னையில் பிறந்து, 11 வயதில் பெங்களூருக்குக் குடிவந்து, தமிழ்வழியிலிருந்து திடீரென ஆங்கில வகுப்பில் அமர்ந்து திணறியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நம் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்றார். இடையில் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து அவ்வாயு கசிவதைத் தடுக்கும் வேலை பார்த்தார். அதே வாயு பூமியை வெப்பமாக்கவும் வல்லது என்று 1975-இல் நிறுவியவர் அவரே. 1999-இல் இந்தியப் பெருங்கடல் ஆய்வில், க்ருட்ஸன் என்ற அறிஞருடன் சேர்ந்து, தென்னாசியாவின் மேலும் கடலின் மேலும் பரவிய பழுப்புப் படலத்தை அளந்தார். அது உண்மையான ஏரோசால். அதிலுள்ள சல்பேட்டுத் துகள் வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும்; கரித்துகள் வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்கும்.

நிற்க. இச்சொல்லின் பொருள் தெளிவின்மை உயிர்களோடு விளையாடியதும் உண்டு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அசையாத காற்றில் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் நீர்த்துளி சுமார் 6 விநாடியில் தரையை அடையும். விட்டம் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் ஏறத்தாழ நூறில் ஒன்றாகும். எனவே 10 மைக்ரான் துளிக்கு 8 நிமிடம். 1 மைக்ரான் துளிக்கோ ஏறக்குறைய 12 மணி நேரம். (துளி வழியில் ஆவியாகவில்லை என்று கொண்டு போட்ட கணக்கு இது. ஆவியானால் இன்னும் சிறுத்து இன்னும் நேரம் மிதக்கும்.)

மருத்துவ நூல்களோ 5 மைக்ரானை எல்லையாகக் கொண்டு, அதற்கு மேற்பட்டவை ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும் என்றன. கணக்குப்படி 5 மைக்ரான் துளி விழ அரை மணிக்கு மேலாகும்! இளங்கலை மாணவனும் சரிபார்க்கக்கூடிய இக்கணக்கை எவரும் சரிபார்க்கவில்லை என்பதில்லை. சரிபார்த்தவர் சொல் அம்பலம் ஏறவில்லை. 2020 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவும் நோய் அன்று என்று அறிவித்தது. கை கழுவினோம், மேசை துடைத்தோம். சன்னல்களை மூடியே வைத்திருந்தோம். 2021-இல்தான் ஏரோசால் வழிப் பரவலை அந்நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொண்டது. அதன் தலைமை அறிவியலாளராக இருந்த சௌம்யா சுவாமிநாதன் 2022-இல் விடைபெறும்போது, இதனை முன்பே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று வருந்தினார். 2024-இல் அந்நிறுவனம் துளி, ஏரோசால் என்ற பிரிவினையையே விட்டு, ‘தொற்றும் சுவாசத் துகள்கள்’ என்ற ஒரே பெயரை ஏற்றுக்கொண்டது.

தமிழில் என்ன பெயரிடலாம்? ‘தூசிப்படலம்’ என்றால் துளி விடுபடும். ‘காற்றுக்கரைசல்’ என்றால் கரைந்ததாகிவிடும். கொலாய்டுக்கு நம் பாடநூல்களில் ‘கூழ்மம்’ நிலைத்துவிட்டதால் ‘காற்றுக்கூழ்மம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கதிரொளியில் எழும் துகளைக் கண்டு ‘கதிரெழுதுகள்’ என்று ஓர் அளவைக்கே பெயர் வைத்தவர் நம் முன்னோர். அவ்வழகு என் சொல்லுக்கு இல்லை. இதனினும் நல்ல சொல் கண்ட நண்பர் அடுத்த இதழுக்கு எழுதுக.