வாங்க வந்தவனைக் கோமாளி ஆக்காதீர்

அன்புள்ள தம்பிக்கு,

உமது வானொலி நாடகப் பிரதியை ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். காட்சிப் பிரிப்பு, ஒலிக்குறிப்பு, நேரக்கணக்கு எல்லாம் உமக்குக் கைவந்தவை. அவற்றில் நான் கைவைக்கப் போவதில்லை. 1962ஆம் ஆண்டுக் கொலன்னாவையைக் களமாக எடுத்ததும் சரி. கால்டெக்ஸ், எஸ்ஸோ கம்பனிகளின் சொத்துகளை அரசு கையேற்றது அந்த ஆண்டுதான். நட்டஈட்டுத் தகராறு முற்றி, 1963இல் அமெரிக்கா உதவியையே நிறுத்தியது. அப்படிப்பட்ட வேளையில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்திலுள்ள பழைய வீடொன்றைப் பெயர்த்துக்கொண்டு போக ஓர் அமெரிக்கன் வந்து நிற்கிறான். நல்ல கரு.

ஆனால் அவன் வாயைத் திறந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த நேரம் முதல் கத்துகிறான், தடுக்கி விழுகிறான், கொச்சைத் தமிழில் உளறுகிறான். இவனை நம்பி யார் தம்பி வீட்டை எழுதிக் கொடுப்பார்கள்?

நீர் மூலமாகக் கொண்ட ‘தி கோஸ்ட் கோஸ் வெஸ்ட்’ படத்தை இன்னொரு முறை பாரும். 1935இல் லண்டனில் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்து, ரெனே கிளேர் என்ற பிரெஞ்சுக்காரர் இயக்கியது. அதில் வரும் ஜோ மார்ட்டின் பலசரக்கு வியாபாரத்தில் பணம் குவித்த அமெரிக்கர். ஸ்கொட்லாந்துக் கோட்டையொன்றைக் கல் கல்லாகக் கழற்றிக் கப்பலேற்றிப் புளோரிடாவில் மறுபடி எழுப்புகிறார். போர்வீரனின் இரும்புக் கவசத்துக்குள்ளே வானொலிப் பெட்டியைப் பொருத்தி அழகு பார்க்கிறார். அதைக் கேலிப்பொருளாக நினைத்து அவர் செய்யவில்லை. கோட்டை மீது அவருக்கு உண்மையான ஆசை. அந்த ஆசையால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. உமது ஆளுக்கு எதன்மீதும் ஆசையில்லை. அதனால் அவன் விழுந்தாலும் எழுந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் காட்சியில் வரும் சவர்க்கார விளம்பரத்தையும் நான் விடப்போவதில்லை. இன்றைய பண்பலை அறிவிப்பாளரைப் போல அலறுகிறது. 1962இல் இலங்கை வானொலியில் விளம்பரம் அப்படி ஒலித்ததில்லை. வர்த்தக சேவை தொடங்கியது 1950இல். அதை வளர்த்தெடுத்தவர் கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியர் கிளிஃபர்ட் டொட். பம்பாயில் இருந்துகொண்டு அதற்கு இந்திய விளம்பரங்களைத் திரட்டிக் கொடுத்தவர் டான் மொலினா என்ற அமெரிக்கர். 1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை நிறுத்தப்போக, இந்திய நேயர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். பாட்டோடு சேர்ந்து பற்பசையும் சவர்க்காரமும் அவர்கள் வீட்டுக்குள் போயின. நிஜமான அமெரிக்க வியாபாரத் திறமை நம் ஊர்க் கலையகம்வரை வந்த விதம் இது.

அந்த நாளில் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம் பேசத் தொடங்கினால் நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையோடு வானொலிக்குக் கிட்டப் போய் உட்காருவோம். வத்தளைப் பக்கம் போனாலும் வெள்ளவத்தைப் பக்கம் போனாலும் வீட்டுக்கு வீடு அதே குரல். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அப்படித்தான். அவர் எவரையும் அதட்டி வாங்கச் சொன்னதில்லை. சொந்தக்காரர் ஒருவர் திண்ணையில் இருந்து நல்ல சேதி சொல்வதுபோலச் சொல்வார். கேட்டவர்கள் தாங்களாகவே கடைக்குப் போனார்கள். வாங்க வந்தாலும் விற்க வந்தாலும் வியாபாரியின் பலம் அவனை நமக்குப் பிடித்துப்போவதில் இருக்கிறது. உமது அமெரிக்கனை எங்களுக்குப் பிடிக்கச் செய்யும். பயமும் சிரிப்பும் பின்னால் தானாக வரும்.

இன்னொரு குறை: உமது ஊர்ச்சனம் எல்லாரும் அப்பாவிகள். படத்தில் அப்படியில்லை. அமெரிக்கக் குடும்பம் விருந்துக்கு வரும்போது, கோட்டைக்காரனுக்குக் கடன் கொடுத்தவர்களே வேலைக்காரர் வேடம் போட்டுப் பரிமாறுகிறார்கள். விற்பனை நடந்தால்தானே அவர்கள் காசு திரும்பும்! நம் பக்கத்துக் கடைக்காரர், தரகர், உறவறுந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் அந்த வீட்டு விலையில் ஒரு பங்கு கண்ணில் பட வேண்டாமா?

பலாமரக் காட்சிக்கு வருகிறேன். வீட்டு விலை பேசி முடித்த பிறகு, மரத்துக்குத் தனிவிலை என்று அந்த வீட்டுக்கார அக்கா வருடத்துக்கு எத்தனை காய், எத்தனை பழம், கொட்டை எத்தனை படி என்று கணக்குச் சொல்லத் தொடங்குகிறாரே, அதை எழுதிய கைக்கு நான் தங்க மோதிரம் போட வேண்டும். ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலி நாடகத்தில் ராமதாஸும் அப்துல் ஹமீதும் செல்வசேகரனும் ஆளுக்கொரு வழக்கில் பேசிக் கொழும்பையே காதில் நிறுத்தினார்கள். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. அதற்குப் பிறகு நான் இப்படி ஓர் உயிருள்ள கொழும்புப் பேச்சை வாசிக்கவில்லை. அமெரிக்கன்தான் பெரிய வியாபாரி என்று நீர் நினைத்திருக்கிறீர். உண்மையில் உமது நாடகத்தின் மிகப்பெரிய விற்பனைக்காரி அந்த அக்கா.

முதற்காட்சியை மாற்றி எழுதும். அந்த அக்காவுக்கு ஈடுகொடுக்கக்கூடிய ஆளாக அமெரிக்கனை உள்ளே அனுப்பும். எழுதியதும் பிரதியோடு நேரே வீட்டுக்கு வாரும். அக்காவின் வசனத்தை நான் வாசிக்கிறேன், அவனுடையதை நீர் வாசியும்.

அன்புடன்,
உமது அண்ணன்
கொலன்னாவை