கண்ணாடித் தட்டில் வளரும் மூளைச் செல்கள்

எங்கள் இளம்பிள்ளையில் தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அதைப் பிணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுவார். நம் தலைக்குள்ளும் ஒரு நெசவு உண்டு. ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் பின்னி நின்று நம்மை நினைக்கவும் பேசவும் வைக்கின்றன. அந்த நெசவில் பழுது வந்தால்?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இரவெல்லாம் தூங்காமல் தனியே பேசிக்கொண்டிருந்தார். பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்தார்கள். நாங்களும் வாசலில் நின்று சிரித்தோம்.

அவருக்கு வந்தது மூளையைச் சார்ந்த நோய். ஆனால் இரத்தத்தை எடுத்துச் சோதிப்பதுபோல், உயிரோடிருப்பவரின் மூளையை எடுத்துச் சோதிக்க இயலாதே! முதிர்ந்த நரம்புச் செல் பிரிந்து பெருகுவதுமில்லை. பின் எவ்வாறு ஆராய்வது?

ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா இதற்கு வழி கண்டார். 2006-இல் சுண்டெலியின் செல்களிலும், 2007-இல் மனிதத் தோல் செல்களிலும் நான்கு ஜீன்களைச் செலுத்தி, எவ்வகைச் செல்லாகவும் மாறவல்ல தொடக்க நிலைக்கு அவற்றைத் திருப்பினார். 2012-இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசு பெற்றார். மனிதக் கருவை அழிக்காமலே இது நடைபெறுவது, உயிரைப் புனிதமாகப் போற்றும் நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

நம் நாட்டிலும் இப்பணி நடைபெறுகிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும், தேசிய உயிரியல் அறிவியல் மையமும், இன்ஸ்டெம் நிறுவனமும் சேர்ந்து 2016-இல் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கின. மனநோய் பலருக்கு வந்துள்ள குடும்பங்களில், நோயுற்றவர், நோயற்றவர் இருசாராரின் இரத்தச் செல்களையும் தொடக்க நிலைக்குத் திருப்பி, நரம்புச் செல்களாக வளர்த்து ஒப்பிடுகின்றனர்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. எழுபது வயதுப் பாட்டியின் செல்லும் தொடக்க நிலைக்குத் திரும்பியதும் குழந்தையின் செல்போல் இளமையாகிவிடுகிறது. முதுமையில் வரும் மறதி நோயை ஆராய முதிர்ந்த செல் அல்லவா வேண்டும்? எனவே தோல் செல்லை நேராகவே நரம்புச் செல்லாக மாற்றுகின்றனர். அப்போது முதுமையின் அடையாளங்கள் அழிவதில்லை என்று 2015-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவன அறிஞர்கள் காட்டினர்.

ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது. ஆயினும் இன்றே மருத்துவமும் மருந்தும் உண்டு. அந்த அக்கா இப்போது மருந்து உட்கொண்டு, வீட்டில் தார் சுற்றுகிறார். அவரைக் காணும்போதெல்லாம் எங்கள் சிரிப்பு எங்களையே சுடுகிறது.

தோழியரே! மனநோயும் உடலில் வரும் நோயே. நோயுற்றவரை நகைக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல உதவுவோமாக!